எரிந்த கட்சி, எரியாத கட்சி

கடிதம்

மதிப்புக்குரிய அம்மாவுக்கு,

வணக்கம். இதை மூன்று தடவை எழுதிக் கிழித்துப் போட்டுவிட்டேன். பிள்ளைகளின் கொப்பியில் பிழை பிடிக்கிற எனக்கு என் கதையை எழுத வரவில்லை.

எனக்கு 37 வயது. பத்தனை ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரியில் படித்து ஆசிரியை ஆனவள். கொட்டகலையில் குடியிருக்கிறோம். கணவருக்கு ஹட்டன் டவுனில் ஒரு மருந்துக் கடையில் வேலை. ஒரே மகன், இந்த வருஷம் புலமைப்பரிசில் பரீட்சை எழுதினான். நான் பிறந்து வளர்ந்தது அக்கரபத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், லயத்துத் தொங்கல் காம்பராவில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டின் கடைசி அறையில். அப்பா தம்பி குடும்பத்தோடு இன்னும் அங்கேதான் இருக்கிறார்.

அப்பாவுக்கு 71. மலையில் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டினவர். ஆனால் தோட்டத்தில் சின்னப் பிள்ளைகூட அவரை "ரதித் தாத்தா" என்றுதான் கூப்பிடும். காமன் கூத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் ரதி வேஷம் கட்டினவர் அவர். மாசி மாதம் மூன்றாம் பிறை பார்த்து காமன் பொட்டலில் கம்பம் ஊன்றிவிட்டால் எங்கள் லயத்தில் வேறு பேச்சே இருக்காது. சிவனின் தவத்தைக் கலைக்கப் போகாதே என்று ரதி மன்மதனைத் தடுப்பாள். அவன் கேட்க மாட்டான். நெற்றிக்கண்ணில் எரிந்து போவான். சாம்பலைப் பார்த்து அவள் புலம்புவாள். கடைசியில், அவள் கண்ணுக்கு மட்டும் அவன் தெரிவான் என்று வரம் கிடைக்கும். அப்பா அந்தப் புலம்பலைத் தொடங்கினால் ஆம்பிளைகளே துண்டால் முகத்தைத் துடைப்பார்கள். அம்மா என்னை மடியில் போட்டுக்கொண்டு, "உங்கப்பன் வீட்ல ஒரு நாள் இப்படி அழுதிருப்பானா பாரு" என்பாள்.

அம்மா 38 வருஷம் கொழுந்து எடுத்தாள். ஆறு வருஷத்துக்கு முன்பு ஒரு நாள் நெஞ்சு வலிக்குது என்று மலையிலிருந்து பாதியில் இறங்கி வந்தாள். அவ்வளவுதான். அன்றைக்கு அவளுக்கு அரைப்பேர், அரை நாள் சம்பளம்தான், போட்டிருந்தார்கள். சாவு வீட்டில் அப்பா வாயே திறக்கவில்லை. லயத்துப் பொம்பளைகள்தான் சுற்றி உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார்கள். அதற்குப் பிறகு அப்பா ரதி வேஷம் கட்டவில்லை, தொண்டை சரியில்லை என்கிறார். அம்மாவைப் பற்றியும் பேசுவதில்லை.

இப்போது கூத்துக்கு ஆள் இல்லை. பொடியன்கள் எல்லாரும் கொழும்பில் கடைகளில் நிற்கிறார்கள். லீவு கிடைத்து வருகிற ஒன்றிரண்டு பேரும் போனைப் பார்த்துத்தான் பாடுகிறார்கள். ஒரு வருஷம் கூத்தே இல்லாமல் கம்பத்தை ஊன்றி எரித்துவிட்டுக் கலைந்து போனார்கள். நான் படிப்பிக்கிற பாடசாலையில் தமிழ்மொழித் தினப் போட்டிக்காக ஏழு பெண் பிள்ளைகளுக்கு ரதி புலம்பலில் ஒரு துண்டைப் பழக்கினேன். எல்லாரும் எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள். அதில் ஒருத்தி பாடத் தொடங்கியதும் அதிபர் கதிரையை விட்டு எழுந்துவிட்டார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

2023இல், நம் ஆட்கள் இந்த மலைக்கு வந்து இருநூறு வருஷம் என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தார்கள் அல்லவா, கடைசி நாள் மாத்தளைக்கு நானும் போயிருந்தேன். திரும்பி வரும் பஸ்ஸில் முடிவு செய்தேன், அடுத்த மாசியில் இந்தப் பிள்ளைகள் காமன் பொட்டலில் இறங்கவேண்டும், ரதியை ஒரு பெண் பாடவேண்டும் என்று. அதன் பிறகு மாசி இரண்டு முறை வந்து போய்விட்டது.

கோயில் கமிட்டித் தலைவர் எனக்கு மாமா முறை. ரோட்டில் பார்த்தபோது பேச்சோடு பேச்சாகச் சொல்லிப் பார்த்தேன். "அது வேண்டுதல் கூத்து புள்ள. காப்புக் கட்டி விரதம் இருந்து ஆடுறது. வயசுப் பொண்ணுங்களுக்குச் சரிவராது" என்றார். அவர் மனைவி, "டீச்சர் டவுன்ல இருந்துகிட்டு எங்க புள்ளைகள ஆட விடப் பாக்குறாங்க" என்று தண்ணீர் பிடிக்கிற பீலியடியில் பேசியதாகக் கேள்விப்பட்டேன். கணவர், "யாராவது பெட்டிசம் போட்டா உனக்கு டிரான்ஸ்பர்தான்" என்கிறார். போன தை மாதம் கமிட்டிக் கூட்டத்தில் முறையாகக் கேட்டுவிடலாம் என்று புறப்பட்டேன். தலவாக்கலை பஸ் ஸ்டாண்ட் வரை போனேன். மகனுக்குக் காய்ச்சல் என்று தம்பிக்குப் போன் பண்ணிச் சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன். அவனுக்கு வெறும் தடிமன்தான். "சரி, இந்த வருஷம் வேண்டாம்" என்று முடிவெடுத்த அன்று இரவு நன்றாகத் தூங்கினேன். பங்குனி பிறந்ததும் பழையபடி மூன்று மணிக்கு முழிப்பு.

இன்னொன்று, முக்கியமில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். நானும் கொஞ்சம் எழுதுவேன். ரதி புலம்பலுக்குப் புதிதாகச் சில பாட்டுகள், நாற்பதுக்கு மேல் இருக்கும், ஒரு சீஆர் கொப்பியில். மகனின் பழைய புத்தகங்களுக்கு அடியில் கிடக்கிறது. யாருக்கும் காட்டியதில்லை. ஒரு பாட்டின் தொடக்கம் இப்படி:

அரைப்பேரு போட்ட கணக்குல – எம் புருஷன்
ஆயுசயும் அரையாக்கிப் போட்டீங்களே சாமி

அப்பாவுக்குக் கூத்து ஏட்டில் ஒரு சொல்லை மாற்றினாலும் பிடிக்காது. "கூத்துல கை வைக்காதே" என்று பொடியன்களை விரட்டியிருக்கிறார்.

நான் கேட்க வந்தது இதுதான். சரி என்று பட்டதை இரண்டு வருஷமாகச் செய்யாமல் இருக்கிறவளுக்கு அது கொள்கை என்று சொல்லிக்கொள்ள உரிமை உண்டா? வகுப்பில் பிள்ளைகளுக்குத் தைரியம் பற்றிப் பேசும்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது. நான் கோழையா?

இப்படிக்கு,
கொட்டகலையிலிருந்து ஓர் ஆசிரியை

பதில்

அன்புள்ள டீச்சருக்கு,

நான் பொகவந்தலாவைப் பக்கம் வளர்ந்தவள். சின்ன வயதில் ஒவ்வொரு மாசியும் சாக்கை விரித்துக் காமன் பொட்டலில் உட்கார்ந்திருக்கிறேன். எங்கள் கூத்தில் கோமாளி, தோட்டத்துத் துரையின் நடையை நடந்து காட்டும்போது சிரித்துச் சிரித்துக் களைத்துப் போவேன், அப்புறம் தூக்கம். காமன் எரிவதை ஒரு தடவைகூட நான் பார்த்ததில்லை. "எரிஞ்சிருச்சு, எந்திரி, போகலாம்" என்று அம்மா எழுப்புவாள். லாவணியில் மன்மதன் எரிந்தான் என்று ஒரு கட்சியும் எரியவில்லை என்று ஒரு கட்சியும் இராத்திரி முழுக்க வாதாடுவார்களே, அதில் நான் இன்றுவரை எரியாத கட்சி. கண்ணால் பார்க்காததை எப்படி நம்புவது?

உங்கள் மனதிலும் இப்படி இரண்டு கட்சி உட்கார்ந்திருக்கிறது என்று நினைக்கிறேன். பெண் பிள்ளைகளை இறக்கவேண்டும் என்று ஒரு கட்சி, வேண்டாம் பிரச்சினை வரும் என்று ஒரு கட்சி. லாவணிக்காரர்கள் முடிவு காண்பதற்காகப் பாடுவதில்லை, விடியும் வரை பாட்டு ஓடவேண்டும், அவ்வளவுதான். இரண்டு கட்சியும் ஓய்ந்த பிறகு இறங்கலாம் என்று இருந்தால் இன்னும் எத்தனை மாசி போகுமோ.

சரி, கடிதத்துக்கு வருகிறேன். கமிட்டி, மாமா, மாமி, பெட்டிசம், டிரான்ஸ்பர் என்று நீளமாக எழுதியிருக்கிறீர்கள். அதெல்லாம் முடிந்த பிறகு, "முக்கியமில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன்" என்று நாற்பது பாட்டு. மனநல ஆலோசனைக்கு எங்களிடம் பேச வருகிறவர்கள் பலர் ஒரு மணி நேரம் வேறு எதையோ பேசிவிட்டு, எழுந்து வாசலில் செருப்பை மாட்டும்போதுதான் "அது ஒண்ணுமில்ல மிஸ், வந்து…" என்று இழுப்பார்கள். அப்போது நாங்கள் அவர்களை மறுபடி உட்காரச் சொல்வோம். நீங்களும் கொஞ்சம் உட்காருங்கள்.

உங்களிடம் இருப்பது இரண்டு வேலை. பெண்கள் கூத்தில் இறங்கவேண்டும் என்பது ஒன்று. அது ஊருக்குள் பேசித் தீர்க்கவேண்டியது, கூட்டம் வேண்டும், பெற்றோர் வேண்டும், காலம் எடுக்கும். நீங்கள் எழுதியதை வெளியே எடுப்பது மற்றது. அதற்குக் கமிட்டி தேவையில்லை, பெட்டிசம் போடவும் யாருக்கும் வழியில்லை. இரண்டையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிட்டீர்கள். அதனால் முதல் வேலைக்கு ஒருவர் தடை சொல்லும்போதெல்லாம் இரண்டாவது வேலைக்கும் லீவு கிடைத்துவிடுகிறது.

இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கமிட்டி உங்களுக்கு இன்னும் "இல்லை" என்று சொல்லவே இல்லை. மாமா ரோட்டில் நின்று சொன்னது ஒரு மனிதரின் பேச்சு. மாமி பீலியடியில் சொன்னதை நீங்கள் காதால்கூடக் கேட்கவில்லை. கூட்டத்தில் கேட்காத கேள்விக்கு வந்த பதிலை இரண்டு வருஷமாகத் தீர்ப்பு மாதிரி வைத்திருக்கிறீர்கள். அந்தத் தடை உங்களுக்கு ஒரு படங்கு மாதிரி பயன்பட்டிருக்கிறது, அதன் அடியில் கொப்பி நனையாமல் கிடக்கிறது.

தலவாக்கலை பஸ் ஸ்டாண்டிலிருந்து திரும்பிய அன்று நன்றாகத் தூங்கினேன் என்று எழுதியிருக்கிறீர்களே, உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் உதவிய வரி அது. பயப்படுகிற ஒன்றிலிருந்து விலகியதும் நெஞ்சில் ஒரு இலேசு வரும். அந்த இலேசு ஒரு சம்பளம். விலகினால் சம்பளம் கிடைக்கும் என்று மனம் கற்றுக்கொள்கிறது, அடுத்த தடவை இன்னும் சீக்கிரமாக விலகச் சொல்கிறது. போய்ப் பார்த்திருந்தால் அந்தப் பயம் எவ்வளவு பெரிது, எவ்வளவு சின்னது என்று அளந்திருக்கலாம். போகாததால் அது அளக்கப்படாமலே வளர்கிறது. பதற்ற நோய்கள் பலவற்றில் நாங்கள் முதலில் பார்ப்பது இந்தச் சுற்றைத்தான். இதற்குக் கோழைத்தனம் என்று பெயர் வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அந்தப் பெயரை வைத்துக்கொண்டால் வெட்கம் கூடும், வெட்கம் கூடினால் ஒளிந்துகொள்ளத் தோன்றும், சுற்று இன்னும் இறுகும்.

அப்படியானால் நீங்கள் உண்மையில் பயப்படுவது யாருக்கு?

நான் தவறாகவும் இருக்கலாம், ஒரு கடிதத்தை வைத்துக்கொண்டு பேசுகிறேன். ஆனால் நீங்கள் அனுப்பிய இரண்டு அடியைத் திரும்பத் திரும்பப் பாடிப் பார்த்தேன். கொழுந்து நிறை குறைந்தாலோ பாதியில் இறங்கினாலோ அரைப்பேர். அந்தக் கணக்கை சிவனின் கையில் கொடுத்து, ஆயுசையும் அரையாக்கிவிட்டீர்களே என்று ரதியைக் கேட்க வைத்திருக்கிறீர்கள். ரதி இழந்தது புருஷனை. ஆனால் உங்கள் கடிதத்தில் அரைப்பேரோடு மலையிலிருந்து இறங்கி வந்தது யார்? அந்தப் பாட்டை அப்பாவுக்கு முன்னால் பாடினால் அவர் முதலில் பார்க்கப்போவது ஏட்டில் மாறிய சொல்லையா?

முப்பது வருஷம் ஊரை அழவைத்தவர் தன் மனைவியின் சாவில் வாயைத் திறக்கவில்லை. அதற்குப் பிறகு ரதியையும் அவரால் கட்ட முடியவில்லை. தொண்டை என்கிறார். தொண்டையாகவும் இருக்கலாம், வயது 71, அதை டொக்டரிடம் காட்டுவது நல்லது. ஆனால் அந்த வீட்டில் இரண்டு பேர் ஆறு வருஷமாக ஒரே ஆளுக்கு ஒப்பாரி வைக்காமல் இருக்கிறீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. அவர் பாடுவதை நிறுத்தினார். நீங்கள் இரகசியமாக எழுதத் தொடங்கினீர்கள். கொப்பியைக் காட்டுவது என்றால் அம்மாவைப் பற்றிப் பேசுவது. கமிட்டிக் கூட்டத்தில் எழுந்து பேசுவதை விட இது கஷ்டம்தான், அதில் சந்தேகமில்லை.

"கூத்துல கை வைக்காதே" என்று அவர் சொன்னது யாரிடம்? பொடியன்களிடம். போனைப் பார்த்துப் பாடுகிறவன் சொல்லை மாற்றினால் அது அறியாமை. வாத்தியாருக்குக் கோபம் வராமல் இருக்குமா? மடியில் படுத்துக் கேட்டே முழுப் புலம்பலும் மனப்பாடமான ஒருத்தி புதுப் பாட்டோடு வந்தால் என்ன சொல்வார் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அவருக்கே தெரியாமல் இருக்கலாம். இதுவரை யாரும் அப்படி வந்ததில்லையே.

இந்த இடத்தில் சி.வி. வேலுப்பிள்ளையை நினைத்துக்கொண்டேன். மடக்கும்புர தோட்டத்தில் 1914இல் பிறந்தவர், 1947இல் தலவாக்கலைத் தொகுதியில் நின்று பாராளுமன்றம் போனவர். லயத்து மக்கள் பாடிய பாட்டுகளைத் தேடித் தேடித் தொகுத்தார். தன் சொந்தக் கவிதையையும் எழுதினார், அதுவும் ஆங்கிலத்தில். மக்கள் பாட்டை மக்கள் பாட்டாக வைத்தார், தன்னுடையதைத் தன்னுடையதாக வைத்தார். உங்களுக்கும் இதேதான் வேண்டும். அப்பாவின் ஏடு அப்பாவின் ஏடாக இருக்கட்டும். அதில் ஒரு எழுத்தைத் தொடாமல் அவர் குரலிலேயே பதிந்து வையுங்கள். உங்கள் நாற்பது பாட்டு உங்கள் கொப்பி. அது ஒரு நாள் பொட்டலில் ஏறலாம், ஏறாமல் தனியாகவே வாழலாம். இப்படிப் பிரித்துவிட்டால் "கை வைத்தேன்" என்ற குற்ற உணர்ச்சிக்குப் பாதி வேலை இல்லாமல் போகும்.

ஆகவே முதல் வேலை அப்பாவிடம்தான். அனுமதி கேட்டுப் போகாதீர்கள், படிக்கப் போங்கள். "சாம்பலைப் பார்த்ததும் ரதி எடுக்கிற எடுப்பு எப்படிப்பா, எனக்குச் சரியா வரல" என்று கேளுங்கள். இது பொய்யும் இல்லை, பிள்ளைகளுக்குப் பழக்கியவருக்கு அந்தச் சந்தேகம் கட்டாயம் இருக்கும். குரல் இல்லாவிட்டால் கையால் தாளம் தட்டிக் காட்டட்டும். இரண்டு மூன்று ஞாயிறு இப்படிப் போகட்டும். அப்புறம் ஒரு நாள் கொப்பி.

அந்த "ஒரு நாள்" நழுவும், உங்களுக்கே தெரியும். பீட்டர் கோல்விட்சர் என்ற ஜெர்மன் உளவியலாளர் இதைப் பற்றி நிறைய ஆராய்ந்திருக்கிறார். "இதைச் செய்வேன்" என்று பொதுவாக நினைப்பதை விட, "இது நடந்ததும் இதைச் செய்வேன்" என்று கண்ணுக்குத் தெரிகிற ஒரு நேரத்தோடு முடிச்சுப் போட்டு வைத்தால் காரியம் நடக்கும் வாய்ப்பு கூடுகிறது. உங்களுக்கு ஏற்றபடி சொன்னால், "நாலாவது ஞாயிறு, அப்பா தேத்தண்ணி குடித்துக் கோப்பையை இஸ்தோப்பில் வைத்ததும், நான் பையிலிருந்து கொப்பியை எடுப்பேன்." இவ்வளவுதான் தீர்மானம். பாடவேண்டும் என்றுகூட இல்லை. எடுத்து வைத்தால் போதும். மிச்சம் அவரிடமிருந்து வரட்டும்.

அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டால்? சொல்லலாம். முகத்தைத் திருப்பிக்கொண்டு மலைப் பக்கம் பார்த்துக்கொண்டே இருக்கலாம். அன்று பஸ்ஸில் அழுதுகொண்டே வருவீர்கள். அதையும் எதிர்பார்த்தே போங்கள். ஆனால் ஒரு கணக்கு. டொம் கிலோவிச், விக்டோரியா மெட்வெக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் மனிதரின் வருத்தங்களை 1990களில் ஆராய்ந்தார்கள். கிட்டத்தில் நடந்தவற்றில் செய்து கெட்டுப்போனது அதிகம் உறுத்துகிறது, வாழ்க்கையைத் திரும்பிப் பார்க்கும்போதோ செய்யாமல் விட்டதே அதிகம் உறுத்துகிறது என்று கண்டார்கள். இதை உங்களை அவசரப்படுத்தச் சொல்லவில்லை. அப்பாவின் தொண்டை ஏற்கெனவே அவசரப்படுத்திக்கொண்டுதான் இருக்கிறது.

இனி கமிட்டி. மாமா சொன்னதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடாதீர்கள். காமன் கூத்து வேண்டுதல்தான். காப்புக்கட்டும் விரதமும் கம்பமும் தகனமும் அவர்களுக்கு வழிபாடு. அதே இரவில் விடிய விடிய நடக்கிற பாட்டும் தர்க்கமும் கோமாளிப் பேச்சும் ஊர் கூடிப் பார்க்கிற கலை. முதல் பகுதியை அவர்கள் கையிலேயே விட்டுவிட்டு, இரண்டாவதில் ரதி புலம்பல் ஒன்றுக்கு மட்டும் இடம் கேட்கலாம். முறையாக, எழுத்தில், கூட்டத்தில், மாசி வருவதற்கு முன்பே. "கூத்தே இல்லாமல் கம்பத்தை மட்டும் எரித்த வருஷம்" என்று நீங்கள் எனக்கு எழுதியதை அங்கேயும் சொல்லுங்கள். அது அவர்களுக்கும் வலிக்கிற இடம்.

பெண்ணுக்குப் பழக்கமில்லை என்ற பேச்சு வந்தால் உங்களிடம் பதில் இருக்கிறது, நீங்கள் கவனிக்கவில்லை. உங்கள் அம்மாவின் சாவில் ஒப்பாரி வைத்தது யார்? சாம்பலுக்கு முன் உட்கார்ந்து ஆண் ஒருவன் சேலை கட்டி அழுகிறானே, அந்த அழுகையை அவன் யாரைப் பார்த்துப் பழகியிருப்பான்? லயத்து இழவு வீடுகளைப் பார்த்துத்தான் என்று நான் நம்புகிறேன். கடன் வாங்கின பொருளைச் சொந்தக்காரி ஒரு இராத்திரிக்குக் கேட்கிறாள். ஹட்டனில் கோ. நடேசய்யர் தொழிற்சங்கம் நடத்திய 1930களில் அவர் மனைவி மீனாட்சியம்மாள் தோட்டத் தொழிலாளர் நடுவே தானே இயற்றிய பாட்டுகளைப் பாடினார். உங்கள் கமிட்டியில் யாரும் பிறப்பதற்கு முந்திய கதை இது. ஆனால் கூட்டத்தில் இதைத் தூக்கிப் பேசாதீர்கள். படித்தவள் பாடம் நடத்துகிறாள் என்று ஆகிவிடும். உங்கள் முதுகுக்குப் பின்னால் ஒருத்தி நிற்கிறாள் என்று உங்களுக்குத் தெரிந்தால் போதும்.

மாமியிடம் நேரில் போங்கள். "எங்க புள்ளைகள" என்று அவர் சொன்னதில் ஒரு நியாயம் உண்டு. அந்த ஏழு பேரும் வளரிளம் பிள்ளைகள், அந்த லயத்தில் தினமும் நடக்கவேண்டியவர்கள். உங்களுக்கு ஒரு கெட்ட பேச்சு வந்தால் கொட்டகலைக்குப் பஸ் ஏறலாம், அவர்களுக்கு அது கிடையாது. ஒவ்வொரு தாயும் தகப்பனும் சம்மதித்தால் மட்டும் இறக்குங்கள். யாரும் சம்மதிக்காவிட்டால் ரதியை நீங்கள் பாடலாமே? ரதியை "ஒரு பெண்" பாடவேண்டும் என்றுதான் உங்கள் கடிதத்தில் இருக்கிறது. அந்தப் பெண் நீங்கள் என்று ஓரிடத்தில்கூட இல்லை. ஏன் என்று யோசித்துப் பாருங்கள். எனக்குப் பதில் எழுதவேண்டியதில்லை.

கணவர் விஷயத்தில் நான் அதிகம் சொல்ல மாட்டேன். அவருக்கும் அந்தக் கொப்பி இருப்பதே தெரியாது. தெரியாத ஒன்றுக்கு அவர் எப்படித் துணை நிற்பார்?

கொள்கை என்று சொல்லிக்கொள்ள உரிமை உண்டா என்று கேட்டீர்கள். ஏழு பிள்ளைகளுக்குப் பழக்கினீர்கள். ஆறு வருஷத்தில் நாற்பது பாட்டு எழுதினீர்கள், ஒருவரும் கேட்காமல், ஒரு சதம் கிடைக்காமல். இதெல்லாம் பேச்சா? வெளியே தெரியவில்லை, அவ்வளவுதான். வகுப்பில் தைரியம் பற்றிப் பேசும்போது வெட்கமாக இருந்தால் கொஞ்ச நாளைக்கு அந்தப் பேச்சை விட்டுவிட்டு, தலவாக்கலை பஸ் ஸ்டாண்ட் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிப் பாருங்கள். தடிமன் விஷயத்துக்கு நன்றாகச் சிரிப்பார்கள்.

மூன்று மணி முழிப்பைச் சும்மா விடாதீர்கள். வாரக்கணக்கில் தூக்கம் கெட்டு, சாப்பாட்டிலும் வேலையிலும் மனம் ஒட்டாமல் போனால் அருகில் உள்ள ஆதார வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறதா என்று கேட்டுப் போங்கள். அதுவரை யாரிடமாவது பேசவேண்டும் போலிருந்தால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கம் இருக்கிறது. முழிப்பு வந்த இரவுகளில் போனைத் தோண்டாமல் கொப்பியை எடுங்கள். அந்த நாற்பதில் பாதி அந்த நேரத்தில்தான் எழுதியிருப்பீர்கள் என்று ஒரு சந்தேகம் எனக்கு.

மாசிக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளை எண்ணினால் இருபதுக்கு மேல் வரும்.

அப்புறம், நீங்கள் அனுப்பியது தொடக்க அடிகள் இரண்டுதான். ஆயுசை அரையாக்கிவிட்டீர்களே என்று அவள் கேட்டுவிட்டாள், சரி. சாமி அதற்கு என்ன பதில் சொன்னார்? மூன்றாவது அடியை அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.